வசனக் கணக்கும் மலைநாட்டுச் சிறுவரும்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றியது தமிழர் மரபு. இவ்விரண்டும் பாடசாலையில் வெவ்வேறு பாடங்களாகப் பிரிந்து நிற்பினும், அவை ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. அதுவே வசனக் கணக்கு. "24இலிருந்து 9 போக மீதி எத்தனை?" என்று வினவினால் உடனே விடை பகரும் சிறுவன், அதே எண்கள் ஒரு சிறு கதையினுள் அமைந்து வருங்கால் திகைத்து நிற்பதை ஆரம்ப வகுப்பு ஆசிரியர் யாவரும் அறிவர். கூட்டலும் கழித்தலும் போதிய அளவு பயிலாமையே இதற்குக் காரணம் எனக் கருதி, மேலும் பல எண் பயிற்சிகளைக் கொடுப்பது பெருவழக்கு. ஆயின், வசனக் கணக்கில் இடர்ப்படும் பிள்ளைகளுட் பலர் இடர்ப்படுவது எண்ணில் அன்று, எழுத்தில். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று, சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பகுதி.

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதி, தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்து அமைந்த நிலம். அங்குள்ள தோட்டத்துப் பிள்ளை வீட்டிலே மலையகப் பேச்சுத் தமிழைப் பேசுகின்றது. கடைத்தெருவிற்குச் சென்றால் விலையையும் மீதிக் காசையும் பெரும்பாலும் சிங்களத்திலே கேட்கின்றது. பாடசாலைக்கு வந்ததும், வீட்டிலும் கடையிலும் வழங்காத நூற்றமிழில் எழுதப்பட்ட கணக்கைக் காண்கின்றது. நகரத்துப் பிள்ளைக்கும் நூற்றமிழ் ஓரளவு புதியதே. ஆயினும், புத்தகமும் செய்தித்தாளும் அருகிய லயன் அறையில் வளரும் பிள்ளைக்கு இவ்விடைவெளி மிகப் பெரிது.

இவ்விடைவெளிக்கு வரலாறும் ஒரு காரணம். தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது 1907ஆம் ஆண்டின் நாட்டுப்புறப் பாடசாலைக் கட்டளைச் சட்டம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அரசாங்கப் பாடசாலைகளின் வரிசைக்குப் புறம்பாகவே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்து, 1977 தொடங்கிப் படிப்படியாகவே அவை அரசாங்கத்தின் பொறுப்பிற்கு வந்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்னும் அமைப்பிலேயே பல தலைமுறையினர் பயின்றனர். அத்தகைய அறையிலே வாய்ப்பாட்டை ஒருமித்து ஒப்புவித்தல் எளிது. ஒரு கணக்கின் பொருளை ஒவ்வொரு பிள்ளையோடும் உரையாடித் தெளிவித்தல் அரிது. எண் கைவந்தும் வசனம் கைவராமைக்கு இதுவும் ஏதுவாயிற்று.

இனி, நூற்றமிழ் எவ்வாறு இடர் விளைக்கின்றது என்பதைச் சில சொற்களாற் காணலாம். "மிகுதி" என்னும் சொல் ஈழத்துக் கணக்கு வழக்கில் எஞ்சியதைக் குறிக்கும். ஆனால், அதிகம் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. "மிகுதி எவ்வளவு?" என்ற வினாவைக் கண்டு கூட்டத் தொடங்கும் பிள்ளை, தமிழைப் பிழையாக அறிந்ததன்று, வேறொரு பொருளில் அறிந்தது. "வித்தியாசம்" என்பதும் இத்தகையதே. 12க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் யாது என வினவினால், முன்னதற்கு இரண்டு இலக்கம், பின்னதற்கு ஒன்று எனப் பிள்ளை விடை கூறுதல் கூடும். பேச்சுவழக்கின்படி அவ்விடை பழுதற்றது. "தலா", "வீதம்", "முறையே" என்னும் சொற்களோ லயத்துப் பேச்சில் அருகியே வருவன. பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் இச்சொற்களினுள்ளேயே மறைந்து கிடக்கின்றன.

சொல்லினும் பெரிய இடர் வாக்கிய அமைப்பில் உள்ளது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வரும். எச்சங்களை அடுக்கி ஒரு கதை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். பின்வரும் கணக்கை நோக்குக: "கமலா தன்னிடமிருந்த 24 கொய்யாப்பழங்களுள் 9ஐத் தங்கைக்குக் கொடுத்தபின் எஞ்சியவற்றைத் தோழியர் மூவருக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தாளாயின், ஒருத்தி பெற்றவை எத்தனை?" புலவருக்கு இது செப்பமான வாக்கியம். எட்டு வயதுப் பிள்ளைக்கோ, வாக்கியத்தின் முடிவை அடையுமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். இதனையே, "கமலாவிடம் 24 கொய்யாப்பழங்கள் இருந்தன. தங்கைக்கு 9 கொடுத்தாள். மீதியை மூன்று தோழிகளுக்குச் சமமாகப் பங்கிட்டாள். ஒரு தோழிக்கு எத்தனை கிடைத்தது?" என நான்காகப் பிரித்துக் கூறின், முதலில் 15 என்பதும் பின்னர் 5 என்பதும் தாமே புலப்படும். எண்கள் மாறவில்லை, செய்கைகளும் மாறவில்லை. மாறியது மொழி ஒன்றே.

பொருள் விளங்காத பிள்ளை வாளா இருப்பதில்லை. எண்களைப் பொறுக்கியெடுத்து ஏதேனும் ஒரு செய்கையைச் செய்துவிடும். பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரக் கணித ஆய்வாளர் 1979ஆம் ஆண்டளவில் ஒரு வினாவை ஆரம்ப வகுப்பு மாணவரிடம் கொடுத்தனர். "ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?" என்பதே அவ்வினா. 97 மாணவருள் 76 பேர் அவ்வெண்களைக் கொண்டு தலைவனின் வயதைக் கணித்தனர். வினாவிற்குப் பொருள் உண்டோ என்று ஆராய்வதைவிட, விடை ஒன்றை எழுதிவிடுவதே பாடசாலை எதிர்பார்ப்பது என அவர்கள் கற்றிருந்தனர்.

இப்பழக்கத்தை வளர்ப்பது குறிச்சொல் முறை. "மொத்தம் என்றால் கூட்டு; மீதி என்றால் கழி" என மனனஞ் செய்வித்தல் விரைவாகப் பயன் தருவது போலத் தோன்றும். "கூடையிற் சில தோடம்பழங்கள் இருந்தன. மேலும் 8 பழங்களை இட்டபோது மொத்தம் 21 ஆயிற்று. முன்னர் இருந்தவை எத்தனை?" என்னும் கணக்கில் அம்முறை தோற்றுவிடும். மொத்தம் என்ற சொல்லைக் கண்டு கூட்டிய பிள்ளை 29 என எழுதும். உரிய விடை 13. ஒப்பீட்டுக் கணக்கிலும் இவ்வாறே. "சிவாவிடம் 12 நெல்லிக்காய்கள் உள்ளன. அவை ராஜனிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம்" என்றால், ராஜனிடம் உள்ளவை 7. அதிகம் என்ற சொல்லைப் பற்றிக்கொண்ட பிள்ளை 17 என்னும். சொல்லைப் பிடித்துப் பொருளைக் கைவிடச் செய்யும் முறை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலும் கைகொடாது, வாழ்விலும் கைகொடாது.

ஆதலின், முதலிற் செய்யத்தக்கது பிள்ளை எந்தப் படியில் தடைப்பட்டது என அறிதல். அவுஸ்திரேலியக் கல்வியாளர் நியூமன் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எளிய வழியைக் காட்டுகின்றது. பிழையாகச் செய்த பிள்ளையை அருகழைத்து ஐந்து வினாக்களை வினவுதல் வேண்டும். கணக்கை வாசித்துக் காட்டு, என்ன கேட்கப்பட்டுள்ளது என்று சொல், எவ்வாறு கண்டுபிடிப்பாய் என்று கூறு, செய்து காட்டு, விடையை எழுது. இவை முறையே வாசிப்பு, பொருளுணர்வு, கணிதமாக மாற்றல், செய்கை, விடை எழுதல் என்னும் ஐந்து படிகளைச் சோதிப்பன. பிழைகளுட் கணிசமான பகுதி செய்கையை எட்டுமுன்னரே நேர்ந்துவிடுதலை இத்தகைய ஆய்வுகள் காட்டின. இரண்டாம் படியில் வழுக்கிய பிள்ளைக்கு நான்காம் படியிற் பயிற்சி கொடுப்பதால் வரும் பயன் யாது?

தடையை அறிந்தபின் அதனை நீக்கும் வழிகள் அரியன அல்ல. கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில், கணக்கொன்றைத் தீர்த்தற்கு நான்கு படிகளை வகுத்தார்: விளங்கிக்கொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், திரும்பி நோக்கல். பல வகுப்பறைகளில் மூன்றாவது படியே பாடமாகி, ஏனைய மூன்றும் மறைந்துவிடுகின்றன. முதற்படிக்குரிய சிறந்த கருவி பிள்ளையின் சொந்தப் பேச்சு. ஆசிரியர் கணக்கைக் கதையாகச் சொல்லுக. பிள்ளை, எண்களை விடுத்து, அக்கதையை லயத்துத் தமிழிலேயே திருப்பிச் சொல்லுக. ஏனையோர் அதனை நடித்துக் காட்டுக. அதன்பின்னரே நூற்றமிழ் வாக்கியத்தை வாசித்து, "எஞ்சியவை என்பது நீ சொன்ன மீதிதான்" எனப் பொருத்திக் காட்டுதல் வேண்டும். பேச்சுத் தமிழ் நூற்றமிழுக்குப் பகையன்று. அதற்கு ஏறும் படி.

அடுத்த கருவி படம். சிங்கப்பூர் நாட்டுப் பாடத்திட்டத்தில் 1980களிற் புகுத்தப்பட்ட பட்டை வரைதல் முறை, அளவுகளை நீண்ட பட்டைகளாகக் காட்டுவது. இதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. தென்னை ஈர்க்கு போதும். சிவாவிற்கு ஒரு நீண்ட ஈர்க்கு. ராஜனுக்கு அதனினும் குறுகிய ஈர்க்கு. நீண்டதில் எஞ்சி நிற்கும் துண்டே 5. இவ்வாறு வைத்ததும், ராஜனிடம் 17 இருத்தல் இயலாது என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் ஆசிரியருக்கு இம்முறை பெரிதும் உதவும். ஒரு வகுப்புக்குப் பாடஞ் சொல்லும்பொழுது மற்றொரு வகுப்பினர் இருவர் இருவராக ஈர்க்கை அடுக்கிக் கதையைப் பேசிக்கொள்ளலாம்.

எல்லாவற்றினும் மேலாக, கணக்கின் கதை பிள்ளையின் உலகத்துக் கதையாதல் வேண்டும். தமிழ்க் கணித மரபு இதனை நன்கறிந்திருந்தது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளின் தொகையை அறிய ஒரு வழி கூறுகின்றது. காம்பைச் சூழ்ந்த சிறுமுட்களை எண்ணி, 6ஆற் பெருக்கி 5ஆல் வகுத்தல் அவ்வழி. அது மெய்யோ என ஒரு பழத்தைப் பிளந்து சோதிப்பதே ஒரு நாட்பாடமாகத் தகும். சப்பிரகமுவவிற் பலாவிற்குக் குறைவில்லை. முழுப்பேர், அரைப்பேர் என்று வீட்டிலே கேட்டு வளரும் பிள்ளைக்குப் பாதி என்னும் பின்னமும் புதியதன்று. தாய்க்கு ஒரு மாதத்தில் 18 முழுப்பேரும் 5 அரைப்பேரும் விழுந்தால், எல்லாம் எத்தனை பேர் என வினவினால், இருபதரை என்று வாயாற் சொல்லிவிடும். அதன்பின் அதனை எழுதக் கற்பித்தல் எளிது.

வாழ்க்கைச் சூழலின் ஆற்றலைப் பிரேசில் நாட்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ரெசிஃபே நகரத் தெருக்களிற் பொருள் விற்ற ஐந்து சிறுவர், விற்பனையின்போது 100க்கு 98 பங்கு சரியாகக் கணக்கிட்டனர். அக்கணக்குகளையே வசனமாகக் கொடுத்தபோது 74 பங்கும், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 பங்குமே சரியாயின. 1985இல் வெளிவந்த இவ்வாய்வு கூறுவது ஒன்று: கணக்கு அறியாதவர் எனப் பாடசாலை ஒதுக்கிய பிள்ளைகள் கணக்கு அறிந்தவரே. எனவே, வசனக் கணக்கைப் பிள்ளை அறிந்த கதையாக்கின், அது வெறும் எண்ணினும் எளிதாதல் கூடும்.

நிவித்திகலத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏற்ற கதை யாது? "அம்மா காலையில் 9 கிலோவும், நண்பகலில் 8 கிலோவும், மாலையில் 6 கிலோவும் கொழுந்து பறித்தார். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்கிற்கும் ஈரத்திற்குமாக 1 கிலோ கழிக்கப்பட்டது. ஒரு பேருக்குரிய அளவு 18 கிலோ. மேலதிகமான ஒரு கிலோவிற்கு 40 ரூபா எனின், அம்மாவுக்கு மேலதிகமாகக் கிடைப்பது எவ்வளவு?" மொத்தக் கொழுந்து 23, கழிவு 3, எஞ்சியது 20, மேலதிகம் 2, ஆகவே 80 ரூபா. "ஒவ்வொரு" என்னும் சொல்லைக் கவனியாத பிள்ளை, ஒரு கிலோவை மட்டுங் கழித்து 160 ரூபா என்னும். அவ்வொரு சொல்லின் விலை 80 ரூபா என்பதை அது அன்றே உணரும். கழிவு ஏன் என்ற வினாவும் அங்கே தானாக எழும்.

நிறுவையின்போது கழிக்கப்படும் எடை பற்றிய முறைப்பாடு தோட்டங்களில் மிகப் பழையது. சம்பளச் சீட்டில் உள்ள பேரும், மேலதிகக் கிலோவும், பிடித்தங்களும் உண்மையில் ஒரு வசனக் கணக்கே. அதனை வாசிக்க மாட்டாதவர் பிறர் சொல்லும் விடையை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். மாணிக்கக் குழியிற் கிடைத்த கல்லின் விலையைப் பங்கிடும் இடத்தும் நிலைமை இதுவே. கூட்டல் அறிந்தும் வசனம் அறியாதவன் தன் பங்கை அறியான்.

ஆகவே, வசனக் கணக்கைப் பரீட்சை வினாத்தாளின் ஒரு பகுதியாக மட்டும் கருதுதல் தகாது. பிற மாவட்டங்களிலிருந்து மலைநாட்டிற்குச் செல்லும் ஆசிரியர், பாடநூலோடு அப்பிள்ளைகளின் சொற்களையும் முதலிற் கற்றுக்கொள்ளுதல் நன்று. கொழுந்தும், நிறுவையும், பேரும், பிரட்டும் அவர்களுடைய எண்சுவடியின் சொற்கள். வாரம் ஒருநாள் பிள்ளைகளே கணக்குக் கதைகளை இயற்றி ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பார்களாயின், கணக்கைக் கண்டு அஞ்சும் நிலை அகன்று, அதனை ஆக்கும் நிலை வரும். அந்நிலையை எய்திய பிள்ளை, நாளை தாயின் சம்பளச் சீட்டைக் கையிலெடுத்து வரிவரியாக வாசித்துச் சரிபார்க்கும். ஆரம்பப் பாடசாலைக் கணிதம் அத்தோட்டத்திற்கு அளிக்கக்கூடிய பயன்களுள் இதனினும் பெரியது வேறில்லை.