இரும்பை ஒதுக்கினால் மூக்குத்தியும் போகும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கில் இருந்து கழற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனால், கறுப்புக் குருணைகள் மட்டும் எழுந்து காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கன்னியாகுமரிக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கும் வண்ண மணலில் கறுப்பு இதுதான். சிவப்பு என்பது கார்னெட். அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காத அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்ற கதையோடு சுற்றுலாப் பயணிகள் அதை வாங்கிப் போகிறார்கள்.

யூடியூப் பார்த்து மெட்டல் டிடெக்டர் வாங்கி இந்தக் கரைக்கு வருகிறவர் முதலில் தேடுவது ஒரே ஒரு பொத்தானைத்தான்: இரும்பு வேண்டாம், தங்கமும் வெள்ளியும் மட்டும் போதும் என்று கருவிக்குச் சொல்லும் இரும்பு விலக்குப் பொத்தான். அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தப் பொத்தானுக்கு இரும்பு எது, தங்கம் எது என்று உண்மையில் தெரியவும் தெரியாது.

அதற்குத் தெரிந்தது என்ன என்பதை விளக்க, அதே ஊரில் இருக்கும் மணல் ஆலையே போதும். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்றைய கேஸ் விளக்கு வலைகளுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பில் தொடங்கிய தொழில் இன்று ஐ.ஆர்.இ.எல். ஆலையாக நிற்கிறது. கடல் கொண்டுவந்து கலந்து போட்ட மணலை ஆலை முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்டுப் பிரிக்கிறது. காந்தத்துக்கு இழுபடுகிறாயா? மின்சாரத்தைக் கடத்துகிறாயா? இல்மனைட் இரண்டுக்கும் ஆம் என்கிறது. ரூட்டைல் கடத்தும், இழுபடாது. கார்னெட்டும் மோனசைட்டும் ஓரளவு இழுபடும், கடத்தாது. சிர்கான் இரண்டுக்கும் இல்லை. நான்கு பதில்கள், நான்கு குவியல்கள்.

மெட்டல் டிடெக்டரும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது. தொடாமல், தூரத்தில் இருந்து கேட்கிறது. அதன் வட்டத் தலைக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் கேட்கிறது. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான். உள்ளே இருப்பதை யாரும் பார்க்கவில்லை, வந்த ஒலியை வைத்து முடிவு செய்கிறோம்.

பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதில்தான் விஷயமே. இல்மனைட் போன்ற மணல் காந்தமாவது உடனுக்குடன் நடக்கும். அனுப்பிய புலத்தோடு பதிலும் ஒட்டியே வரும். மெல்லிய அலுமினியத் தாள், சின்ன மூக்குத்தி போன்றவற்றில் மின்னோட்டம் பிறந்த வேகத்தில் தேய்ந்துவிடும். பதில் ஏறக்குறைய கால் சுற்று பிந்தும். கனத்த வெள்ளிக் காசில் மின்னோட்டம் நீடிக்கும். அரைச் சுற்றை நெருங்கும் தாமதம். இயற்பியலில் இதைக் கட்ட வேறுபாடு என்பார்கள். கருவியின் திரையில் தெரியும் எண் அந்தக் கோணம்தான். உலோகத்தின் பெயரைப் படித்துவிட்டு அது எண்ணைச் சொல்வதில்லை.

இரும்பு ஏன் குழப்புகிறது? அது இரண்டு பதிலையும் சேர்த்துத் தருகிறது. காந்தமாகவும் ஆகிறது, மின்னோட்டமும் ஓடுகிறது. எது ஓங்கும் என்பதை உலோகத்தைவிட வடிவமே தீர்மானிக்கிறது. நீளமான ஆணியில் காந்தம் ஓங்கும், அதனால் எண் கீழே நிற்கும். தட்டையான, வட்டமான இரும்பில் சுழல் மின்னோட்டம் ஓங்கும். சோடா மூடியும் வாஷரும் வெள்ளிக் காசு மாதிரி கணீரென்று ஒலித்து மனிதனைத் தோண்ட வைப்பது இதனால்தான். கடற்கரையில் டிடெக்டர்காரர்கள் வைகிற வசவில் பாதி சோடா மூடிக்கே போய்ச் சேரும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது இரும்பு விலக்கை அல்ல, மண்ணை. உலோகம் இல்லாத ஓர் இடத்தில் தலையைத் தரையில் இருந்து அரையடி, ஓரடி என்று ஏற்றி இறக்கி, ஏறினாலும் இறங்கினாலும் ஒலி மாறாத நிலைக்குக் கருவியைக் கொண்டுவர வேண்டும். கிரவுண்ட் பேலன்ஸ் என்கிறார்கள். தோட்டத்து வண்டல் மண்ணில் இதை ஒருமுறை செய்தால் வெகுநேரம் ஓடும். மணவாளக்குறிச்சியில் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவ அலைகள் எடை குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய், கனமான கறுப்பை வரி வரியாகக் கரையில் விட்டுப்போகும். இரண்டு எட்டு தள்ளிப்போனால் மண்ணின் பதிலே வேறு. கறுப்பு வரியில் இருந்து வெள்ளை வரிக்குப் போகும்போதெல்லாம் மறுபடி சரிசெய்யத்தான் வேண்டும்.

புதியவர்கள் செய்யும் அடுத்த காரியம் உணர்திறனை உச்சத்தில் வைப்பது. ஆழம் கிடைக்கும் என்ற ஆசை. கறுப்பு மணலில் கிடைப்பது ஆழம் அல்ல, மண்ணின் இரைச்சல். நாலில் ஒரு பங்கு குறைத்தாலே கருவி அமைதியாகும். அந்த அமைதியில் தேயும் ஒலிகளும் கேட்கும்.

ஈர மணலுக்குப் போனால் இன்னொரு சிக்கல். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் மோசமாக. அதனால் அதன் பதில் கால் சுற்றுத் தாமதத்தில், மூக்குத்தி நிற்கும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. கறுப்பு மணலோ தாமதமே இல்லாத இடத்தில். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவியில் இரண்டில் ஒன்றைத்தான் அடக்கலாம்; மணலை அடக்கினால் உப்பு கத்தும், உப்பை அடக்கினால் மணல் கத்தும். பல அதிர்வெண் கருவிகள் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கின்றன. அதிர்வெண் கூடும்போது உப்பின் பதில் கூடும், மணலின் பதில் ஏறக்குறைய மாறாது. இரண்டு மூன்று அதிர்வெண்களில் கேட்டு ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டையும் குறைத்துவிடலாம். இன்னொரு வகை, துடிப்பு முறைக் கருவி. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு, சில மைக்ரோ நொடிகள் கழித்துத்தான் காது கொடுக்கும். அதற்குள் உப்பின் பதிலும் இல்மனைட்டின் பதிலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். உலோகத்தின் பதில் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். ஈரக் கரைக்கு அருமையான கருவி. இரும்பை ஒதுக்கத்தான் அதற்கு வராது. தூண்டில் முள்ளில் இருந்து போட்டு எஞ்சின் போல்ட் வரை அத்தனையையும் தோண்டுகிற பொறுமைசாலிகளுக்கே அது.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வரலாம். இரும்பு விலக்கை உயர்த்துவது என்றால், ஓர் எண்ணுக்குக் கீழே வரும் எல்லாவற்றையும் ஊமையாக்குவது. ஆணி போகும், முள் போகும். கூடவே மூக்குத்தியும் போகும், மெல்லிய கம்மலும் போகும். தாலிச் செயின் இன்னும் மோசம். செயினில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே மின்னோட்டம் சரியாகப் பாயாது. ஆறு பவுன் செயினைக் கருவி ஒரு செயினாகப் பார்ப்பதில்லை, நூற்றுக்கணக்கான குட்டி வளையங்களாகப் பார்க்கிறது. சில நேரம் கொக்கி மட்டும்தான் கேட்கும். கனமான ஆண் மோதிரம் தப்பிக்கும், ஆனால் வலையில் கட்டும் ஈயக் குண்டும் அதே எண் வட்டாரத்தில்தான் வரும். மீனவர் கரையில் ஈயத்துக்கா பஞ்சம்.

நம் ஊர்ச் சில்லறையும் இந்த வலையில் விழுந்துவிட்டது. 1990களில் இருந்து ஒரு ரூபாய் நாணயம் காந்தம் ஒட்டும் எவர்சில்வரில் வருகிறது. இப்போது இரண்டு ரூபாயும் அப்படித்தான். வெளிநாட்டு வழிகாட்டியைப் படித்து இரும்பை முழுக்க ஒதுக்கிவிட்டு, கரையில் காசே இல்லை என்று திரும்புகிறவரின் காலடியில் காசு கிடக்கலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு மறைப்பு. ஓர் ஆணியைக் கடக்கும்போது கருவி ஊமையாகிறது அல்லவா, அந்த ஊமைத்தனம் ஆணி தாண்டியும் ஒரு கணம் நீடிக்கும். பக்கத்தில் நாலு விரல் தள்ளிக் கிடக்கும் மோதிரம் அந்தக் கணத்துக்குள் விழுந்தால் அது இல்லவே இல்லை. வீட்டுக் கொல்லையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: தரையில் ஒரு மூன்றங்குல ஆணி, அருகே ஒரு மிஞ்சி. விலக்கு உச்சத்தில் இருக்கும்போது ஆணியின் நீளவாக்கில் தலையை ஓட்டினால் பெரும்பாலும் மௌனம். விலக்கைக் குறைத்து, இரும்புக்கு மட்டும் தாழ்ந்த முனகலை வைத்து ஓட்டினால், முனகலின் விளிம்பில் ஒரு கீச்சொலி தலைகாட்டும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று குறுக்கே ஓட்டினால் இன்னும் தெளியும். ரெக்கவரி ஸ்பீடு என்ற அமைப்பைக் கூட்டினால் ஊமை நேரம் குறையும். பதிலுக்கு ஆழம் கொஞ்சம் போகும். பெரிய தலையைக் கழற்றிவிட்டுச் சின்னத் தலையை மாட்டினால் ஒரே நேரத்தில் கண்ணில் படும் குப்பையும் குறையும். பழகிய கைகள் இரும்பை ஊமையாக்குவதே இல்லை. கேட்டுக்கொண்டே கடந்து போகிறார்கள்.

திரும்பி நின்று ஓட்டும் அந்த உத்தி சோடா மூடிக்கும் உதவும். காசு எந்தத் திசையில் ஓட்டினாலும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். மூடியின் எண் அலையும். தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால், விளிம்பில் இரும்பு முனகலாக உடையும்.

இதே மாவட்டத்தில் இதே விஞ்ஞானம் தலைகீழாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. அண்டியாபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரி ஆலையில் இருந்து பருப்பு பெட்டியில் ஏறுவதற்கு முன் வைக்கும் டிடெக்டரில் இரும்புதான் எளிதாகப் பிடிபடும் எதிரி. காந்தம் ஒட்டாத எவர்சில்வர் துணுக்கே தண்ணி காட்டும். அதனால் கருவியைச் சோதித்துப் பார்க்கும் உலோகக் குண்டுகளில் எவர்சில்வர் குண்டு மட்டும் பெரிய அளவில் இருக்கும். உலர்ந்த அண்டிப்பருப்பு தொல்லை தராது. உப்பும் ஈரமுமான இறாலைச் சோதிக்கிற ஆலையில், ஈரக் கரையில் பார்த்த அதே கால் சுற்றுச் சிக்கல் வந்து நிற்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலையில், விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்முனையாக இருந்த மண் அது. குண்டுச் சிதறலும் தோட்டா உறையும் நிறைந்தது. தேடுவதோ ஊசி அளவே உலோகம் உள்ள பிளாஸ்டிக் கண்ணிவெடிகளை. எந்த ஒலியையும் குப்பை என்று தள்ள முடியாது. இரும்புச் சிதறல் அளவுக்கு மீறிய இடங்களில் கருவியை ஓரம் வைத்துவிட்டு, நீளப்பிடி வாரிகளால் மண்ணை அடுக்கடுக்காக வாரிச் சுத்தம் செய்யும் முறை வடஇலங்கையில்தான் பெரிதாக வளர்ந்தது.

குப்பை இரும்பு என்ற சொல்லையும் எல்லா இடத்திலும் வாய்கூசாமல் சொல்லிவிட முடியாது. 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையின் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே சேர்ந்து உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையை நடத்தினார். அந்த மண்ணில் இரும்புக் கசடுதான் வரலாறு. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்போடு சேர்ந்த மாதிரிகளின் காலம் பொதுயுகத்துக்கு முன் 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. விலக்கை உச்சத்தில் வைத்த ஒரு கருவி அதன் மேல் போயிருந்தால் சத்தமே கேட்டிருக்காது.

அதற்காகக் கோட்டைக்குக் கருவியோடு கிளம்பிவிட வேண்டாம். 1878இன் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. திருவிதாங்கூரின் குட்டி வெள்ளிச் சக்கரம் ஒன்றுகூட அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

நேற்றுக் குளிக்கும்போது கழன்று விழுந்த கம்மலைத் தேடுவது வேறு விஷயம். அதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. கம்மல் தொலைத்தவரிடம் ஜோடியில் மற்றொன்று இருக்கும். அதை வாங்கி, தேடப்போகும் அதே மணலில், அதே ஈரத்தில், நாலங்குல ஆழத்தில் புதைத்து, கருவிக்குக் கேட்கிறவரை விலக்கையும் உணர்திறனையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். கேட்ட நிலையில் அப்படியே நிறுத்திவிட்டுத் தேடத் தொடங்கலாம். புதைப்பதற்கு முன் அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நீளமாக ஒரு நூல் கட்டி, நுனியை மணலுக்கு வெளியே விட்டுவைப்பது உத்தமம்.