இருக்கையை விட்டு எழும் பார்வையாளர்கள்

மேடை விவாதம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு ஒரு பட்டிமன்றம், தமிழ்மொழி விழாவுக்கு இன்னொன்று. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று இரண்டு அணிகள் மோதும். நாம் சிரிப்போம், கைதட்டுவோம். யார் மனமும் நோகாத ஒரு தீர்ப்பை நடுவர் சொல்வார். எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது, பேசிய நகைச்சுவைகள் நினைவிருக்கும்; தலைப்பு மறந்திருக்கும்.

இதே ஊரில் வேறொரு வகை மேடையும் இருக்கிறது. அங்கே நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. முதலில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு நாடகம் நடக்கும். வேலையிடத்தில் இழிவுபடுத்தப்படும் ஊழியர், கணவரின் அதட்டலுக்கு அடங்கிப் போகும் மனைவி, மகனும் மகளும் மாற்றி மாற்றித் தட்டிக்கழிக்கும் முதியவர் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த கதையாக இருக்கும். முடிவு மட்டும் நல்லதாக இருக்காது. அநீதியே வெல்லும்.

பிறகு நெறியாளர் முன்னால் வந்து நிற்பார். “இதே நாடகத்தை முதலிலிருந்து மறுபடியும் நடத்தப் போகிறோம். எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அங்கே ‘நிறுத்து’ என்று குரல் கொடுங்கள்” என்பார். நிறுத்தச் சொன்னவர் ஆலோசனை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று நடித்துக் காட்ட வேண்டும். எதிரே நிற்கும் நடிகர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நிஜத்தில் ஒரு மேலாளரோ மாமியாரோ எப்படி மடக்குவாரோ அப்படியே மடக்குவார்கள்.

ஆங்கிலத்தில் ஃபோரம் தியேட்டர் எனப்படும் இதை நாம் விவாத அரங்கு என்று சொல்லலாம். வானொலியில் நேயர்களிடம் கருத்துக் கேட்பதை அன்றாட வேலையாகக் கொண்ட எனக்கு, இதில் பிடித்தது ஒரு வேறுபாடு. தொலைபேசியில் ‘அந்தப் பெண் எதிர்த்துப் பேசியிருக்கணும்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். இங்கே அதைச் சொன்னவரே எதிர்த்துப் பேசியாக வேண்டும்.

பெருவில் எழுந்த ஒரு பெண்

இந்த முறையை உருவாக்கியவர் பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால். 1931ல் பிறந்தவர். ராணுவ ஆட்சியின்போது 1971ல் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளாகி, நாட்டை விட்டு வெளியேறினார். 1973ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் பணியாற்றியபோது நடந்த ஒரு சம்பவத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

படிக்கத் தெரியாத ஒரு மனைவியிடம் ‘வீட்டுக்குக் கட்டிய பணத்துக்கான ரசீது, பத்திரமாக வை’ என்று கணவர் காகிதங்களைக் கொடுத்து வருகிறார். ஒருநாள் அண்டை வீட்டுப் பெண் அவற்றைப் படித்துக் காட்டுகிறார். எல்லாமே கணவருக்கு இன்னொரு பெண் எழுதிய காதல் கடிதங்கள். அன்றிரவு கணவர் வீட்டுக்கு வரும்போது மனைவி என்ன செய்ய வேண்டும்? அப்போதெல்லாம் பார்வையாளர்கள் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு பெண்மணி ‘அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும்’ என்றார். நடிகை எத்தனை விதமாக நடித்துக் காட்டியும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைசியில் போவால் அவரையே மேடைக்கு அழைத்தார். வந்தவர் துடைப்பத்தை எடுத்து, கணவராக நடித்தவரை விளாசிவிட்டு, பிறகு மன்னித்து, சாப்பாடு எடுத்து வா என்று சமையலறைக்கு அனுப்பினார். அவர் அகராதியில் ‘தெளிவாகப் பேசுவது’ அதுதான்!

ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவர் அவருக்காகச் சொல்லிவிட முடியாது என்பதை அன்று புரிந்துகொண்டதாகப் போவால் கூறுவார். பார்வையாளரை மேடையேற்றும் முறை அங்கிருந்து வளர்ந்தது. பின்னாளில் ரியோ டி ஜெனிரோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1993 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தபோது, மக்கள் மேடையேறிச் சொன்னவற்றிலிருந்து சட்ட முன்வரைவுகளை உருவாக்கினார். அவற்றில் 13 சட்டங்களாயின. மேற்கு வங்காளத்தில் 1985ல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழு இதே முறையைச் சுந்தரவனப் பகுதிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. இது ஆங்கிலம் படித்த நகரவாசிகளின் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு அந்த விவசாயக் கூலிகளே சாட்சி.

நடிகர்களுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கும் நெறியாளரைப் போவால் ‘ஜோக்கர்’ என்று அழைத்தார், சீட்டுக்கட்டில் எந்தப் பக்கமும் சேராத சீட்டைப் போல. நம் தெருக்கூத்தில் கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசும் கட்டியங்காரனைப் பார்த்தவர்களுக்கு இவரை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது.

சிங்கப்பூரில் முளைத்த கதை

இங்கே இதை 1993ல் அறிமுகப்படுத்தியது தி நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழு. ஆல்வின் டான் 1987ல் தொடங்கிய குழு அது. நாடகாசிரியர் ஹரேஷ் சர்மாவும் அவரும் நியூயார்க்கில் போவால் நடத்திய பயிலரங்கில் கற்றுவந்தார்கள். இனம் கடந்த உறவைப் பற்றி ஒன்று, ஆணாதிக்கக் கணவரைப் பற்றி ஒன்று என இரண்டு நாடகங்களை மேடையேற்றினார்கள். பார்வையாளர்கள் தயங்காமல் எழுந்து வந்தார்கள்.

வரவேற்பு நீடிக்கவில்லை. எழுதி வைத்த வசனம் இல்லாத, பார்வையாளர் திடீரெனப் பங்கெடுக்கும் நிகழ்ச்சிகள் மக்களைத் தூண்டிவிடப் பயன்படக்கூடும் என்று அரசாங்கம் கவலைப்பட்டது. விவாத அரங்குக்கும் நிகழ்த்துகலைக்கும் பொது நிதியாதரவு கிடையாது என்று 1994 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அந்த நியூயார்க் பயிலரங்கை மார்க்சியத்தோடு தொடர்புபடுத்தி நாளேட்டில் செய்தி வந்தது. நிதிக் கட்டுப்பாடு விலக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின.

அந்தக் குழு கலைந்துவிடவில்லை. மனநோயைப் பற்றி ஹரேஷ் சர்மா எழுதிய ‘ஆஃப் சென்டர்’ நாடகத்துக்குத் தரவிருந்த நிதியை 1993ல் சுகாதார அமைச்சு மீட்டுக்கொண்டபோது, குழு தன் சொந்தப் பொறுப்பில் அதை அரங்கேற்றியது. பின்னர் அதே நாடகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இலக்கியப் பாடமானது. பேசக்கூடாது என்று ஒரு காலத்தில் தயங்கிய விஷயத்தை இன்னொரு காலத்தில் பிள்ளைகளுக்குத் தேர்வில் கேட்கிறோம்.

புளோக்கின் கீழே

1990ல் தொடங்கிய டிராமா பாக்ஸ் குழு, கோக் ஹெங் லுன் தலைமையில் விவாத அரங்கைக் குடியிருப்புப் பேட்டைகளுக்கு எடுத்துச் சென்றது. காற்றடித்து எழுப்பும் கூடாரம் போன்ற ஒரு நடமாடும் அரங்கமும் அவர்களிடம் உண்டு. அதன் பெயர் ‘கோலி’. ஆம், நாம் சிறுவயதில் விளையாடிய அதே கோலிதான். 2015ல் அவர்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சியில் பார்வையாளர்களே ஒரு வட்டாரத்தின் குடியிருப்பாளர்கள் ஆனார்கள். புதிய எம்ஆர்டி நிலையத்துக்கு எந்த இடத்தை இடிப்பது என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒருவருக்கு வேண்டாத இடம் இன்னொருவருக்கு வாழ்க்கையாக இருந்தது. 2013ல் கூ டெக் புவாட் மருத்துவமனையில் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், மரணத்தைப் பற்றியும் கடைசி நாள்களில் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதைப் பற்றியும் பேச வைத்தார்கள். நம் வீடுகளில் ‘வாயை மூடு, அபசகுனம்’ என்று நிறுத்தப்படும் பேச்சு அது. கோக் ஹெங் லுன் 2016 முதல் 2018 வரை நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

எல்லா உரையாடலும் விவாத அரங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. 2011 ஆகஸ்ட்டில் நடந்த கறி விவகாரம் நினைவிருக்கிறதா? சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசம் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது என்று சமரசம் செய்யப்பட்ட பழைய செய்தி வெளியாகி, ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி கறி சமைத்துப் பகிருங்கள் என்ற அழைப்புக்கு எல்லா இனத்தவரும் திரண்டார்கள். அல்ஃபியான் சாஅட் பலரை நேர்கண்டு எழுதிய நாடகத்தை 2013ல் வைல்ட் ரைஸ் குழு மேடையேற்றியது. கோபம் தணிந்த பிறகு, புதிதாக வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்க அது ஒரு வாய்ப்பு. நாடகம் முடிந்து நடக்கும் கலந்துரையாடலுக்கு உட்காராமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுபவர்கள் பாதி நிகழ்ச்சியைத் தவறவிடுகிறார்கள் என்பேன்.

வாடகை வீடு

நான் போயிருந்த ஒரு சிறிய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நாற்பது பேர் இருப்போம். ஒரு தமிழ்த் தம்பதி வாடகை வீடு தேடுகிறார்கள். தொலைபேசியில் நன்றாகப் பேசும் சொத்து முகவர், பெயரைக் கேட்டதும், “வீட்டு உரிமையாளர் இந்தியர்களை விரும்புவதில்லை. எனக்கு ஒன்றுமில்லை, தவறாக நினைக்காதீர்கள்” என்கிறார். அருகே சீனத் தோழி ஒருத்தி நிற்கிறாள், எதுவும் பேசவில்லை. அதோடு காட்சி முடிகிறது.

முதலில் எழுந்தவர் ஓர் இளைஞர். கணவரின் இடத்தில் நின்று, புகார் செய்வேன் என்று மிரட்டினார். “வீடு ஏற்கெனவே போய்விட்டது சார்” என்று முகவர் இணைப்பைத் துண்டித்தார். அடுத்து வந்த சீன ஆன்ட்டி, “நான் அதிகம் சமைக்க மாட்டேன், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன்” என்று கெஞ்சிப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு, “நான் ஏன் இதையெல்லாம் சொல்லணும்?” என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் யாரும் சொல்லாததை, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்ற அவர் கண்டுபிடித்தார்.

மூன்றாவதாக வந்தது பள்ளி முடித்த வயதில் ஒரு தமிழ்ப் பெண். அவள் தம்பதியின் இடத்தைக் கேட்கவில்லை, வாயைத் திறக்காத தோழியின் இடத்தைக் கேட்டாள். தொலைபேசியை வாங்கி, “நானும் வீடு தேடுகிறேன். நான் சீனப் பெண். உங்கள் உரிமையாளருக்கு என்னைப் பிடிக்கும். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை” என்றாள். அதுவரை எதற்கும் பதில் வைத்திருந்த முகவருக்கு வார்த்தை வரவில்லை.

அரங்கம் அமைதியானது. வானொலியில் ஐந்து விநாடி அமைதி என்றாலே பதறிவிடுவோம். அங்கே அரை நிமிடமாவது இருந்திருக்கும், நெறியாளர் கலைக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து வயதான தமிழர் ஒருவர் எழுந்தார். “நானும் வீட்டை வாடகைக்கு விடுறேன். ‘இன்ன நாட்டுக்காரங்க வேண்டாம்’னு ஏஜெண்டுகிட்ட நானும் சொல்லியிருக்கேன்” என்றார். மேடையேறவில்லை, விளக்கம் தரவில்லை. உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இருந்த அறை சட்டென்று வேறு அறையாகிவிட்டது.

இதனால் அந்த முகவரும் உரிமையாளரும் மாறிவிட்டார்களா? அவர்கள் அங்கே வரவே இல்லை. இத்தகைய நிகழ்ச்சிகளின் பெரிய குறை அதுதான்; ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே வருகிறார்கள். ஆனாலும் வேலையிடத்தில், மின்தூக்கியில், வாட்ஸ்அப் குழுவில் நம் முன்னால் ஒருவர் இழிவுபடுத்தப்படும்போது, நாம் பெரும்பாலும் அந்தப் பேசாத தோழிதான். அந்த இடத்துக்கும் வசனம் உண்டு என்று நாற்பது பேருக்கு அன்று தெரிந்தது.

தமிழில் ஏன் வேண்டும்?

நிகழ்ச்சி ஆங்கிலத்தில் நடந்தது. நடுவே ஓர் அம்மா தமிழில் பேசினார். “வீடு கெடைக்கலன்னா போவுது தம்பி, வேற பார்த்துக்கலாம். ஏம்மா நமக்குத் தரலன்னு பிள்ளை கேட்டுச்சுன்னா என்ன சொல்றது? பொய் சொன்னா பின்னால தெரிஞ்சிடும். உண்மையச் சொன்னா நாளைக்கு அது பள்ளிக்கூடத்துல யாரோட வெளையாடும்?” என்று நீளமாகப் பேசினார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தது ஒரே வரி: பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்கிறார். அன்று மாலை பேசப்பட்டவற்றில் மிகக் கூர்மையான கேள்வி, பாதிப் பேரைச் சென்று சேரவே இல்லை.

நம்மிடம் தமிழ் நாடகக் குழுக்கள் உண்டு. நல்ல நடிகர்கள் உண்டு. ஆனால் சமூகத்தைப் பற்றிய இத்தகைய திறந்த உரையாடல்கள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நடக்கும் அளவுக்குத் தமிழில் நடப்பதில்லை. அதனால் யார் வெளியே நிற்கிறார்கள்? பாட்டிமார்கள், ஊரிலிருந்து வந்து தங்கும் விடுதியில் வாழும் ஊழியர்கள், இல்லப் பணிப்பெண்கள். நியாயம் கேட்க அதிகக் காரணம் உள்ளவர்களே மொழியால் விலகி நிற்கிறார்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் நம்மைப் பற்றியும் பேசுவார்கள். முதலாளியாக, வீட்டு உரிமையாளராக, எஜமானியாக, மாமியாராக நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று தமிழிலேயே சொல்வார்கள். கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. ஒரு சமூக மன்ற அறை, இருபது நாற்காலி, நான்கு நடிகர்கள், அவசரப்படாத ஒரு நெறியாளர் போதும். அடுத்த தமிழ்மொழி விழாவுக்கு ஏற்பாடு செய்பவர்கள், பத்துப் பட்டிமன்றங்களில் ஒன்றை மட்டும் இதற்கு விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். அதுவரை, ஆங்கிலத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்காவது வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் தமிழில் பேச எழுந்தால் ஒரே வரியில் சுருக்கிவிடாதீர்கள்.