இரட்டை

எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் கற்பிக்கும் நாள் ஆண்டுதோறும் நமக்கு ஓர் உற்சவ நாளாகும். இலக்கணமென்றால் வேப்பங்காயைக் கடித்தாற்போல் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் அன்று சிரித்துக்கொண்டே கற்பார்கள். ஒருவன் ‘சலசல’ என்று தொடங்க, மற்றொருத்தி ‘கலகல’ என்பாள். பிறகு வகுப்பு முழுவதும் இரைச்சல்தான். ‘சலசல’ என்பதைப் பாதியாக வெட்டினால் ‘சல’ என்று நிற்பதற்குப் பொருளில்லை. ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒன்றை நீக்கினாலோ, எஞ்சியதும் பாம்புதான், கடிக்கவும் செய்யும். முன்னது இரட்டைக்கிளவி, பின்னது அடுக்குத்தொடர். இந்த வேற்றுமை தொல்காப்பியர் காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

இவ்வாண்டு நாம் ஒரு புது வழி செய்தோம். ‘இரட்டை’ என்னும் பதம் எங்கெங்கு வழங்குகிறது என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வரும்படி பணித்தோம். மதுரை நகரத்துப் பிள்ளைகளும், சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளும் மறுநாள் கொண்டுவந்து கொட்டிய குவியலைக் கண்டு திகைத்துப் போனோம்.

இரட்டைப் பிள்ளைகள் முதலில் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து, கர்ப்பிணிகள் தின்னலாகாது என்று பாட்டிமார் ஒளித்துவைக்கும் இரட்டை வாழைப்பழம்; தலையில் இரட்டைச் சுழி; பருத்த சரீரத்துக்கு மரியாதைப் பெயரான இரட்டை நாடி. மொய் எழுதுகையில் நூறு ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்த்து இரட்டைப்படையைத் தவிர்க்கும் வழக்கத்தை ஒரு சிறுமி எழுதியிருந்தாள். எட்டு முழ வேட்டி இரட்டை வேட்டி, நாலு முழம் ஒற்றை வேட்டி என்று எழுதியவன் ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் மகன்.

ஒரு மாணவன் மட்டும் விவிலியத்தைத் திறந்து காட்டி, “ஐயா, நினிவே பட்டணத்தார் இரட்டைக் கட்டிக்கொண்டார்களாமே, எந்த இரட்டை?” என்று வினவினான். நல்ல கேள்வி. ‘இரட்டு’ என்பது முரட்டுத் துணிக்குப் பெயர். அதனோடு ஐ உருபு சேர்ந்து ‘இரட்டை’யாகி அவனை மயக்கிவிட்டது. ஒரு சொல்லே இரண்டாக நின்று ஏமாற்றுவதைப் பிள்ளைகள் அன்று கண்ணாரக் கண்டார்கள்.

இவ்விதம் ஏமாற்றுவதையே கலையாக்கியவர் நம் புலவர். ஒரு சொல்லை இரு பொருள்படக் கூறுவதற்கு இரட்டுற மொழிதல் என்று பெயர். அதில் வல்ல இரட்டைப் புலவரை மதுரை மறக்கவில்லை. இருவரில் ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் காலில்லை. கண்ணற்றவர் தோளில் காலற்றவர் ஏறி வழி சொல்ல, ஊர் ஊராய்த் திரிந்து, பாட்டின் முற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் பாடினர் என்பது கர்ணபரம்பரை. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் செய்தவை. பொற்றாமரைக் குளத்தில் துணி துவைக்கையில் ஆடை நழுவிப் போக, ஒருவர் ‘தப்புதல்’ என்ற சொல்லைத் துவைப்பதற்கும் நழுவுவதற்குமாக வைத்துப் பாடினாராம். மற்றவர் ஆடைக்குப் பெயரான ‘கலிங்கம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு சொக்கலிங்கத்தில் கொண்டுபோய் முடித்தாராம். உடுத்தத் துணியில்லாத வேளையிலும் சிலேடை! இக்கதையைச் சொல்லும்போது நம் வகுப்பில் கொட்டாவி விடுவோரை நாம் கண்டதில்லை.

குமரகுருபரர் இயற்றிய மதுரை மீனாட்சியம்மை இரட்டைமணிமாலையும் ஒன்றுண்டு. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி வருவதால் அப்பெயர். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள்.

நிற்க. அரசியலும் இப்பதத்தை விடவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் நடந்தது இரட்டை ஆட்சி. கல்வியும் சுகாதாரமும் நம் மந்திரிகளிடம். பொக்கிஷமும் போலீசும் கவர்னரின் ஆலோசகர்களிடம். பள்ளிக்கூடம் கட்டச் சொல்லிவிட்டுப் பணப்பெட்டியின் சாவியைத் தராத ஆட்சியென்று பிள்ளைகளுக்கு விளக்கினோம். அவ்வேற்பாடு 1937இல் தொலைந்தது. சுதந்தர பாரதத்தின் முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸின் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. 1973இல் அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லில் நடந்த இடைத்தேர்தலில் முதன்முதல் வென்றது இரட்டை இலை. மேல மாசி வீதியில் காந்தியடிகள் 1921 செப்டம்பரில் தம் உடையைக் குறைத்து ஒரு முழத்துண்டுக்கு வந்ததையும் சொன்னோம். அது இரட்டை வேட்டிக்காரன் மகனுக்காக.

பட்டியலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வருகையில், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் எழுந்து, “இரட்டைக் குவளை” என்றான். ‘சலசல’வென்றிருந்த வகுப்பு அடங்கிவிட்டது.

தேநீர்க் கடையில் சில ஜாதியாருக்கு ஒரு குவளை, பிறருக்கு வேறு குவளை என்று வைத்திருக்கும் வழக்கத்துக்கு அது பெயர். வைத்தியநாதய்யர் கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாள். அந்தக் கக்கன் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்தவர். 1950இல் நம் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. பொது உணவுச்சாலையின் பாத்திரங்களில் பேதம் பாராட்டுவதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இவ்வளவையும் நாம் வரிசையாகச் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். “இப்பவும் இருக்கா?” என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அவன், “இப்போ காகிதக் கப்பு” என்றான். இரட்டை இலைக்கும் இரட்டைக் காளைக்கும் கீழே இரட்டைக் குவளையையும் எழுதினோம். சுண்ணக்கட்டி முறிந்தது, வேறொன்று எடுத்து எழுதி முடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துக்கம் விசாரிக்க அத்திசையிலுள்ள வேறொரு கிராமத்துக்குப் போக நேர்ந்தது. சாலையோரக் கடையில் தேநீர் கேட்டோம். எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்ப வந்தது. எமக்குப் பின் வந்து பந்தலுக்கு வெளியே நின்ற முதியவருக்குக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். அவர் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நாம் டம்ளரை வைத்துவிட்டு, “எமக்கும் அதிலேயே கொடுங்கள்” என்றோம்.

கடைக்காரர் எம்மையும் அம்முதியவரையும் மாறிமாறிப் பார்த்தார். “ஒங்களுக்கு எதுக்கு வாத்தியாரையா அது? டம்ளர்லயே குடிங்க” என்றார்.

“அப்படியானால் அவருக்கும் டம்ளரில் கொடுங்கள்.”

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. பெரியவர் காகிதக் கோப்பையைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, “எனக்குப் பஸ்ஸு வந்துருச்சுங்கய்யா” என்று சொல்லிச் சாலையைக் கடந்து போனார். பஸ் எதுவும் வரவில்லை.