சிறிய இராக்கெட்டின் உந்துபொறி

தாம்பரத்திலும், அதனைச் சூழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் முதலிய ஊர்களிலும் வாழும் மக்களுக்கு ஓர் அரிய காட்சி சிற்சில நாட்களில் வாய்ப்பதுண்டு. அவ்வூர்களுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவு உள்ளது. அங்கிருந்து இரவு நேரத்தில் இராக்கெட்டு ஏவப்படும்பொழுது, வானம் மேகமின்றித் தெளிந்திருந்தால், மாடியில் நிற்போரின் கண்களுக்கு அடிவானத்தில் ஓர் ஒளிப்பொட்டு எழுவது தெரியும். அது மேலே மேலே ஏறி, கடலின் பக்கமாக வளைந்து சென்று மறையும். சிறுவர் கைகொட்டி ஆரவாரிப்பர். அவர்களுள் ஒருசிலர், ‘இத்தகைய இராக்கெட்டு ஒன்றைச் சிறிய அளவில் நாமும் பறக்கவிடலாகாதா?’ என்று எண்ணுவர்.

அவ்வெண்ணம் நகைத்துத் தள்ளுதற்குரியதன்று. உலகின் பல நாடுகளிலும் மாதிரி இராக்கெட்டுக்களைச் செய்து பறக்கவிடுதல் மாணவர்க்கும் பெரியோர்க்கும் பயனுள்ள பொழுதுபோக்காக விளங்குகின்றது. அட்டைக் குழாயால் உடலையும், மெல்லிய மரத்தால் சிறகுகளையும் எவரும் செய்துகொள்ளலாம். ஆயினும், அதனை உயர்த்தும் உந்துபொறியைத் தேர்ந்தெடுப்பதிலும் கையாளுவதிலுமே அறிவும் அடக்கமும் வேண்டப்படுகின்றன.

உந்துபொறியின் உள்ளே நிறைந்திருப்பது உந்துபொருள். பழங்காலத்து வாணங்களில் வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்தே உந்துபொருளாக இருந்தது. தாம்பரத்திற்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மைசூர்ப் படைகள் ஆங்கிலேயர்மீது ஏவிய வாணங்கள் வரலாற்றில் இடம் பெற்றவை. அவற்றின் மருந்து இரும்புக் குழாய்களில் அடைக்கப்பட்டிருந்தது. மூங்கிலும் காகிதமும் தாங்கமாட்டாத அழுத்தத்தை இரும்பு தாங்கியமையால், அவ்வாணங்கள் நெடுந்தொலைவு சென்றன. மருந்தின் ஆற்றலும் அதனைத் தாங்கும் உறையின் வலிமையும் ஒன்றுக்கொன்று இயைந்திருத்தல் வேண்டும் என்னும் உண்மை அன்றே புலனாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் கருமருந்தினும் ஆற்றல் மிக்க கலப்பு உந்துபொருள் தோன்றியது. இதில் மூன்று பொருள்கள் முதன்மையானவை. முதலாவது, அமோனியம் பெர்குளோரேட்டு என்னும் உப்பு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை இது தருகின்றது. இரண்டாவது, இரப்பரைப் போன்ற ஒரு பொருள்; இது மற்றவற்றைப் பிணைத்து நிறுத்துவதோடு, தானும் எரிபொருளாகின்றது. மூன்றாவது, வெப்பத்தை மிகுவிக்கும் அலுமினியத் தூள். பிராணவாயு உள்ளேயே இருப்பதால், காற்றில்லாத வெளியிலும் இது எரியும். ஒரே எடையுள்ள கருமருந்தைக் காட்டிலும் இது இரண்டு மூன்று மடங்கு பயன் தரவல்லது. கருமருந்துக் கட்டி வெயிலிலும் குளிரிலும் மாறிமாறிக் கிடந்தால் விரிசல் காணும். விரிசல் கண்ட கட்டி பற்றவைத்தவுடன் வெடித்துவிடக்கூடும். இரப்பர்த் தன்மையுடைய கலப்பு உந்துபொருளோ அவ்வாறு எளிதில் பிளவுபடுவதில்லை.

இந்தியாவின் விண்வெளி முயற்சியில் இவ்வுந்துபொருள் பெற்ற இடம் பெரிது. குரோம்பேட்டையில் 1949-ஆம் ஆண்டு சி. இராஜம் என்னும் வள்ளல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜி என்னும் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் அப்துல் கலாம். இராமேசுவரத்தில் எளிய குடும்பத்திற் பிறந்த அவர், பின்னாளில் எஸ்.எல்.வி.-3 என்னும் இராக்கெட்டுத் திட்டத்தின் தலைவரானார். அதன் நான்கு படிகளும் திட உந்துபொருளால் இயங்குவன. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. இரண்டாம் படியின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கசிவே அதற்குக் காரணம். குறையைக் கண்டு திருத்திய பின், 1980-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் அவ்விராக்கெட்டு ரோகிணி என்னும் துணைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. உந்துபொறியில் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சார்ந்த சிறு உறுப்பும் செவ்வனே இருத்தல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது. தாம்பரத்து மாடிகளிலிருந்து காணப்படும் பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் முதற்படியிலும் ஏறத்தாழ 139 டன் கலப்பு உந்துபொருள் உண்டு. அம்மலை போன்ற பொறியும், கைவிரல் பருமனுள்ள மாதிரிப் பொறியும் ஒரே நெறியில் இயங்குவன.

மாதிரிப் பொறியின் அமைப்பு எளிது. உறுதியான குழாய் ஒன்று. அதனுள் உந்துபொருட் கட்டி. பின்புறத்தில் வாயு பீறிட்டு வெளிப்படுதற்கு ஒரு குறுகிய வாய். முன்புறத்தில் மெல்ல எரியும் தாமத மருந்தும், பாரசூட்டை வெளியே தள்ளும் சிறிதளவு மருந்தும். கலப்பு உந்துபொருட் கட்டியின் நடுவே பெரும்பாலும் நீண்ட துளை ஒன்று அமைந்திருக்கும். அத்துளையின் சுவர் முழுவதும் ஒருங்கே எரிவதால் விசை மிகுதியாகப் பிறக்கின்றது. ஒருமுறை எரிந்தபின் எறிந்துவிடும் பொறிகளும் உண்டு. உலோகக் குழாயை வைத்துக்கொண்டு, கட்டியை மட்டும் புதிதாக இட்டுப் பயன்படுத்தும் பொறிகளும் உண்டு.

பொறியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டை வாசிக்கத் தெரிந்தவனே அதனைத் தேர்ந்தெடுக்க வல்லவன். ‘ஜி 60-7’ என்று ஒரு பொறியில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். முதலில் உள்ள ஆங்கில எழுத்து, பொறி தரும் மொத்த உந்தத்தின் வகுப்பைக் காட்டும். விசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதே மொத்த உந்தம். ஏ வகுப்பின் மேல் எல்லை 2.5 நியூட்டன்-விநாடி, பி வகுப்புக்கு 5, சி வகுப்புக்கு 10. இவ்வாறு ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லை இருமடங்காகி, ஜி வகுப்பில் 160 ஆகின்றது. அடுத்துள்ள 60 என்னும் எண், சராசரி விசை 60 நியூட்டன் என்பதைக் குறிக்கும். இறுதியில் உள்ள 7, உந்துபொருள் எரிந்து முடிந்தபின் 7 விநாடி கழித்துப் பாரசூட்டு வெளிப்படும் என்று அறிவிக்கும்.

பெரிய எண்ணைக் கண்டதும் அதுவே சிறந்த பொறி என்று சிறுவர் எண்ணுதல் இயல்பு. அது தவறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரண்டு பொறிகள் உள்ளன. ஒவ்வொன்றின் மொத்த உந்தமும் 120 நியூட்டன்-விநாடி. முதலாவது 60 நியூட்டன் விசையோடு 2 விநாடி எரியும். இரண்டாவது 30 நியூட்டன் விசையோடு 4 விநாடி எரியும். பொறியோடு சேர்த்து 1 கிலோகிராம் நிறையுள்ள இராக்கெட்டின் எடை ஏறத்தாழ 10 நியூட்டன். தரையை விட்டு எழும்போது எடையைப்போல் 5 மடங்கு விசையேனும் இருத்தல் நலம் என்பது பயின்றோர் கண்ட அளவு. அவ்வாறாயின் வேண்டிய விசை 50 நியூட்டன். முதற்பொறி இதற்குப் போதும். இரண்டாம் பொறி தருவதோ 3 மடங்கே. அதனைப் பொருத்தினால் இராக்கெட்டு செலுத்துகோலை விட்டு மந்தமாக நீங்கும். சிறகுகள் வழிகாட்டுவது அவற்றைத் தழுவி ஓடும் காற்றினாலாதலின், வேகம் குன்றிய இராக்கெட்டு காற்று வீசும் திசையை நோக்கிச் சாய்ந்து, கூடியிருப்போர் பக்கம் திரும்பவும் கூடும்.

அரைக் கிலோகிராம் நிறையுள்ள மெல்லிய இராக்கெட்டுக்கோ இரண்டாம் பொறியே ஏற்றது. அது எடையைப்போல் 6 மடங்கு விசையை அளித்து, சீராக உயர்த்தும். முதற்பொறியை அதற்கு இட்டால் விசை 12 மடங்காகும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே ஆற்றலின் பெரும்பகுதி காற்றோடு போராடுவதிலேயே கழியும். மெலிந்த சிறகுகள் நடுங்கி ஒடிதலும் உண்டு. ஒரே உந்தமுடைய இரு பொறிகளுள் ஒன்று ஓர் இராக்கெட்டுக்கு நன்மையாகவும், மற்றொன்றுக்குத் தீமையாகவும் முடிதல் காண்க.

தாமத நேரமும் இவ்வாறே கணக்கிடத்தக்கது. மேற்சொன்ன 1 கிலோகிராம் இராக்கெட்டு, முதற்பொறி எரிந்து முடியும்போது விநாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தை அடையும். காற்றுத் தடை இல்லையாயின் அது பின்னும் 10 விநாடி உயர்ந்து செல்லும். தடை இருத்தலால் அந்நேரம் குறையும். உச்சியை அடையும் நொடியில் பாரசூட்டு விரிதல் வேண்டும். முந்தி விரிந்தால் வேகத்தினால் துணி கிழியும். பிந்தி விரிந்தால் இராக்கெட்டு தலைகீழாகப் பாய்ந்து, தரையிலுள்ளோர்க்கு ஊறு செய்யும்.

பொறியைக் கையாளும் முறைகளும் அறியத்தக்கவை. கலப்பு உந்துபொருளைத் திரியிட்டுப் பற்றவைத்தல் கூடாது. மின்சாரத்தால் எரியும் பற்றவைப்பியைத் துளையின் வழியே செலுத்தி, கட்டியின் மேல்நுனியைத் தொடும்படி வைத்தல் வேண்டும். அது பாதியில் நின்றால் பொறி தயங்கி எரியும், அல்லது எரியாதொழியும். டி வகுப்புக்கு மேற்பட்ட மாதிரிப் பொறியாயின் 30 அடிக்குக் குறையாத தொலைவில் நிற்றல் வேண்டும் என்பது அமெரிக்க நாட்டின் மாதிரி இராக்கெட்டுச் சங்கம் வகுத்துள்ள விதி. பொறி எரியாவிடில், மின்னிணைப்பின் பூட்டைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்த பின்னரே எவரும் அருகிற் செல்லலாம். ஆர்வத்தால் உடனே ஓடிச் சென்று குனிந்து பார்ப்பவன் தன் கண்களையே பணயம் வைக்கின்றான்.

உந்துபொருளை வீட்டில் கலந்து செய்ய முற்படுதல் எவ்வாற்றானும் தகாது. ஒரு சிறு தீப்பொறியோ உராய்வோ அக்கலவையைப் பற்றவைத்துவிடும். வெடிபொருள்களைச் செய்வதையும் வைத்திருப்பதையும் இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. உரிமம் பெற்ற நிறுவனம் செய்த பொறியை, அறிந்த ஆசிரியரின் முன்னிலையில் பயன்படுத்துதலே நெறி.

இடத்தைத் தேர்தலும் பொறியைத் தேர்தலோடு ஒத்த சிறப்புடையது. தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உள்ளது. மீனம்பாக்கத்தில் பன்னாட்டு விமான நிலையம் உள்ளது. அவற்றிடையேயுள்ள வானம் விமானங்கள் ஓயாது செல்லும் பெருவழி. ஆதலின், ஏரிக்கரையிலோ பள்ளித் திடலிலோ வலிய பொறிகளை ஏவுதல் அங்கே ஆகாது. தக்க இசைவு பெற்று, ஆளில்லாத வெளியை நாடுதல் வேண்டும்.

இந்நெறியைப் பின்பற்றிய முயற்சிகள் அவ்வூர்களுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிகழ்ந்துள்ளன. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், பட்டிபுலம் என்னும் சிற்றூரிலிருந்து, மாணவர்கள் உருவாக்கிய 150 மிகச் சிறிய துணைக்கோட் கருவிகளைச் சுமந்துகொண்டு ஓர் இராக்கெட்டு எழுந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள், திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ ஏவப்பட்டது. இவ்விரண்டிலும் அமைந்தவை கலப்பு உந்துபொருட் பொறிகள் அல்ல. அவற்றிற்கு உறவான இருநிலைப் பொறிகள். இவ்வகைப் பொறியில் எரிபொருள் திடநிலையிலும், அதனை எரிக்கும் பொருள் வேறு கலத்திலும் தனித்தனியே இருக்கும். ஏவும் வேளையிலேயே இரண்டும் சேர்வதால் முன்னரே தீப்பற்றும் அச்சம் குறைவு. கிழக்கே விரிந்து கிடக்கும் கடல், வீழ்வனவற்றை ஏற்றுக்கொள்ளும்.

ஆற்றல் மிக்க பொறி சிறந்த பொறி அன்று. தான் சுமக்கும் எடைக்கும், செல்லும் வழிக்கும், நிற்கும் இடத்திற்கும் பொருந்திய பொறியே சிறந்தது. ஏவுமுன் எடையை நிறுத்து, விசையை வகுத்து, தாமதத்தைக் கணக்கிட்டு, தொலைவை அளந்து நிற்கும் மாணவன், சிறிய அட்டைக் குழாயைக் கொண்டே பெரிய விஞ்ஞானத்தின் வாயிலை அடைகின்றான். மறுமுறை வடவானில் அவ்வொளிப்பொட்டு எழும்பொழுது, அவன் அதனை வெறும் தீயாகக் காணமாட்டான். பலர் கூடிப் பலநாள் செய்த கணக்கு ஒன்று விண்ணில் ஏறிச் செல்வதாகவே காண்பான்.