குழாய் பதிக்கும் முன் இரு முனைகளையும் பாருங்கள்

சொட்டுநீர்ப் பாசனத்திற்குக் குழாய் வாங்கும் முன், இரு முனைகளின் நிலையையும் விவசாயிகள் அறிவது அவசியம்.

முதல் முனை தொட்டி. அழுத்தம் தருவது நீர்மட்டத்தின் உயரமே, தொட்டியின் அகலமல்ல. 10 மீட்டர் உயரத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். 3 மீட்டருக்கு 0.3 கிலோதான். மேட்டிலுள்ள கடைசி மரத்திலிருந்து, தொட்டியில் நீர் குறைந்துள்ளபோது அளக்க வேண்டும்.

மறுமுனை சொட்டுவான். 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 8 லிட்டர் தரும் சாதாரண சொட்டுவான், 0.3 கிலோவில் ஏறக்குறைய நாலரை லிட்டரே தரும். குழாய் உராய்வால் கடைசியில் இன்னும் குறையும். 8 லிட்டர் எனக் கணக்குப் போட்டால் கடைசி வரிசைத் தென்னை வாடும்.

அழுத்தம் போதாவிடில் தொட்டியை உயர்த்தலாம் அல்லது பம்பு வைக்கலாம். இவ்வளவுகளைக் குறித்துக்கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.