பகடையில் ரோமாபுரி: நொய்யல் கரையிலிருந்து ஆடினால் என்ன?

கணபதியில், சத்தி ரோட்டில் யாரிடமாவது வெள்ளலூர் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஞாபகம் வருவது குப்பைக் கிடங்குதான். அதே வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன, ஒவ்வொரு முறையும் 500-க்கு மேல். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகள். பண்டைய ரோமை வைத்து உலகில் பலர் பகடை உருட்டிக் கதை ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் நம்ம ஊர் எங்கே இருக்கிறது?

அது என்ன ஆட்டம்?

பெயர் ‘டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம்’. திரை கிடையாது, காய் நகர்த்தும் பலகைகூடக் கட்டாயமில்லை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் ‘கேம் மாஸ்டர்’. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “வாசல்ல காவலன் நிக்கிறான், என்ன பண்றீங்க?” என்று அவர் கேட்பார். “காசு கொடுத்துப் பாக்கறேன்” என்பீர்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’தான் இந்த வகைக்கு முன்னோடி.

அதன்பின் ரோமுக்கென்றே தனி ஆட்டங்கள் வந்தன. 1993-ல் இத்தாலியில் வந்த ‘லெக்ஸ் ஆர்கானா’வில் ரோமப் பேரரசு வீழவே இல்லை. 2001-ல் வந்த ‘ஃபுல்மினாட்டா’வில் ரோமானியர் கையில் வெடிமருந்து! இப்படி வரலாற்றைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வதுதான் இவற்றின் ருசி.

ஆனால், இந்த மாதிரி ஆட்டங்களில் நீங்கள் பெரும்பாலும் படைவீரர், செனட்டர், ஒற்றர், இல்லாவிட்டால் கிளாடியேட்டர். இந்தியா என்பது மிளகும் மணிக்கற்களும் வரும் தூரதேசம், அவ்வளவுதான். அந்தக் கல்லை வெட்டியவர், பட்டை தீட்டியவர், பொதிமாட்டில் ஏற்றியவர் யாருக்கும் அங்கே பாத்திரம் இல்லை. இதைத் திருப்பிப் போட்டு ஆடுவதற்கு நம்மிடம் சரக்கு நிறையவே இருக்கிறது.

ஆட்டக் களம்: கொடுமணல்

ஈரோடு மாவட்டம் சென்னிமலை அருகே, நொய்யல் கரையில் உள்ளது கொடுமணல். 1985-ல் தொடங்கிப் பலமுறை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. முடிந்ததும் முடியாததுமாக மணிகள், கல் பட்டறைகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. (ஃபவுண்டரியும் லேத்தும் சூழ வாழும் கணபதிக்காரர்களுக்கு உலைக்காரர் பாத்திரம் கச்சிதமாகப் பொருந்தும்.) காங்கேயம் பக்கம் படியூரில் ‘பெரில்’ என்ற கடல்பச்சைக் கல் கிடைத்தது. இந்தியாவின் பெரில் கற்களைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் முசிறித் துறைமுகம். அங்கே போய்வரும் கப்பல் வணிகத்துக்கான 2-ம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் ஏடாக இன்றும் வியன்னாவில் இருக்கிறது. சரக்கு எகிப்து போய்ச் சேர்ந்ததும் ரோம அரசுக்கு 25 சதவீதம் வரி. கடன், கடல், பாலைவனம், வரி... இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

ஒரு காட்சியை ஆடிப் பார்ப்போம். நீங்கள் கொடுமணலில் கல் பட்டறைக்காரர். யவனர் தரப்பு முகவர் ஒருவர் காசு நீட்டுகிறார். ஆண்டு கி.பி. 70 என்று வைத்துக்கொள்வோம். கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் ஒரு வேலை செய்துவிட்டான். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 வெள்ளிக் காசு அடித்தார்கள், நீரோ அதை 96 ஆக்கினான். காசின் எடையும் குறைந்தது, வெள்ளியின் தரமும் குறைந்தது. இந்தியப் புதையல்களில் பழைய காசுகளே மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

“ஏனுங்க, இது பழைய காசுதானுங்களா?” என்று கேட்கிறீர்கள். முகவர் சிரிக்கிறார். உரசிப் பார்ப்பீர்களா, எடை போடுவீர்களா, கல்லை உள்ளே எடுத்து வைத்துவிடுவீர்களா? உரசிப் பார்த்தால் அவர் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். உங்களிடம் வேலை செய்யும் ஆறு பேருக்குக் கூலி பாக்கி வேறு. வாளே எடுக்காத இந்தக் காட்சி, எந்தக் கிளாடியேட்டர் சண்டைக்கும் குறைந்ததல்ல என்பேன்.

பகடைக்கு எங்கே போவது?

பல முகப் பகடைகளை ஆன்லைனில்தான் தேட வேண்டும் என்றில்லை. ரோமானியர் ஆடிய ஆட்டு எலும்புப் பகடைக்கு எண் மதிப்பு நாலு பக்கத்துக்குத்தான்: 1, 3, 4, 6. நம்ம வீட்டுத் தாயக்கட்டைக்கும் நாலு பக்கம்தானே! இரண்டு கட்டையை உருட்டுங்கள். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நினைத்தது பலிக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால், தாயத்தில் போலவே பன்னிரண்டு. அப்போது முகவர் மடியில் ஒளித்து வைத்த டைபீரியஸ் காசையே எடுத்து வைப்பார்.

ஒன்றை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ரோமச் சமூகம் அடிமைகளின் உழைப்பில் நின்றது. அதைக் கதையில் எவ்வளவு காட்டுவது, எங்கே நிறுத்துவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வது இந்த ஆட்டக்காரர்களிடம் உள்ள நல்ல வழக்கம். பிள்ளைகளும் உட்கார்ந்தால் இன்னும் அவசியம்.

காசு உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுத் தொகுப்பு இருக்கிறது.