குழந்தைகளின் குடல் அழற்சி நோயில் மல நுண்ணுயிர் மாற்றச் சிகிச்சை: ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உடல்நலமுள்ள ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது மல நுண்ணுயிர் மாற்றச் சிகிச்சை எனப்படும். ஒருவகைக் குடல் தொற்றில் பெருவெற்றி கண்ட இம்முறை, குழந்தைகளின் குடல் அழற்சி நோயில் எந்த அளவிற்குப் பயன்தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மல நுண்ணுயிர் மாற்றம், குடல் அழற்சி நோய், பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய், கொடையாளர்.

முன்னுரை

குடல் அழற்சி நோய் என்பது பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் ஆகிய இரண்டையும் குறிக்கும் பொதுப்பெயர். வயிற்றுவலி, குருதி கலந்த வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். குழந்தைகளிடம் இந்நோய் வளர்ச்சியையும் பூப்பையும் தாமதப்படுத்துகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் நெடுநாள் உட்கொண்டால் உயர வளர்ச்சியைத் தடுக்கின்றன. மாற்று வழிகளைப் பெற்றோரும் மருத்துவரும் தேடுவதற்கு இதுவே காரணம்.

இச்சிகிச்சையைத் தமிழில் ‘மல மாற்று அறுவை’ எனக் கூறுவது பொருந்தாது. இதில் அறுவை இல்லை. மாற்றப்படுவது உறுப்பும் அன்று, உயிருள்ள நுண்ணுயிர்க் கூட்டம். எனவே ‘மல நுண்ணுயிர் மாற்றம்’ என்னும் தொடரே இங்குக் கையாளப்படுகிறது.

வரலாறும் அடிப்படையும்

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங் கடும் வயிற்றுப்போக்கிற்கு மலக்கரைசலைப் பரிந்துரைத்துள்ளார். 1958-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பென் ஐஸ்மன், கடும் பெருங்குடல் அழற்சியுற்ற நால்வருக்கு எனிமா வழியாக இதனைச் செலுத்திப் பயன்கண்டார். நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு, மீண்டும் மீண்டும் வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் தொற்றில் முதல் முறையிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்ததைக் காட்டியது.

அத்தொற்றின் இயல்பே இவ்வெற்றிக்குக் காரணம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்துவிட, வெற்றிடத்தில் ஒரு கிருமி பெருகுகிறது. வெற்றிடம் நிரம்பினால் கிருமி ஒடுங்குகிறது. குடல் அழற்சி நோயின் நிலை வேறு. இதில் மரபணு, நோய் எதிர்ப்பாற்றல், சுற்றுச்சூழல் ஆகியவை பின்னிக் கிடக்கின்றன. நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு நோயின் காரணமா, விளைவா என்பது தெளிவாகவில்லை. விளைவாக மட்டும் இருப்பின், புதிய நுண்ணுயிர்களும் அழற்சியுற்ற குடலில் நிலைகொள்ளாமல் போகலாம்.

குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வுகள்

அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில் பெருங்குடல் புண் அழற்சியுற்ற, 7 முதல் 21 வயது வரையிலான 10 பேருக்கு நாள்தோறும் எனிமா வழியாக 5 நாள் இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒருவரால் எனிமாவைத் தக்கவைக்க இயலவில்லை. எஞ்சிய 9 பேரில் 7 பேரிடம் ஒரு வாரத்திற்குள் முன்னேற்றம் தென்பட்டது. ஒரு மாதத்திற்குப் பின் அது 6 பேரிடம் நீடித்தது. எனினும், ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழு இதில் இல்லை.

சியாட்டிலில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், மூக்குவழிக் குழாய் மூலம் ஒரேமுறை அளிக்கப்பட்ட சிகிச்சையால், குரோன் நோயுற்ற 9 இளையோரில் 7 பேர் இரண்டு வாரத்தில் நோய்த்தணிவு பெற்றனர். 12 வாரத்தில் அந்நிலையில் இருந்தோர் 5 பேர். பெருங்குடல் புண் அழற்சியுற்ற நால்வருக்கு அக்குழுவினர் அளித்த அதே சிகிச்சை பயன்தரவில்லை.

கனடாவில் நடந்து 2021-இல் வெளிவந்த தொடக்கநிலை ஆய்வில் 4 முதல் 17 வயது வரையிலான 25 பேர் பங்கேற்றனர். வாரம் இருமுறை வீதம் ஆறு வாரம் எனிமா அளிக்கப்பட்டது. நோய்க்குறிகளையும் ஆய்வக அளவீடுகளையும் இணைத்த அளவுகோலின்படி, சிகிச்சைக் குழுவில் 92 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சைக் குழுவில் 50 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். போலிச் சிகிச்சையிலும் பாதிப்பேர் முன்னேறியமை, கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வுகளை எத்துணை எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும் என்பதை உணர்த்துகிறது.

பாதுகாப்பும் அறமும்

2019-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரே கொடையாளரின் மலத்தின் வழியாக மருந்தெதிர்ப்புடைய ஈ.கோலி கிருமி நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவரைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். குடல் அழற்சி நோயுற்ற குழந்தைகள் பலர் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் என்பதால், இந்நிகழ்வு அவர்களுக்கும் பொருந்தும். பெற்றோர் தாமே வீட்டில் இதனை முயல்வது இவ்வகையில் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியது. குடும்பத்தினரின் மலம் என்பதனாலேயே அது தூயதாகிவிடாது.

மேலும், குழந்தையின் குடலில் குடியேறும் நுண்ணுயிர்கள் பல்லாண்டு தங்கக்கூடும். பெற்றோரின் இசைவோடு, குழந்தைக்குப் புரியும் மொழியில் விளக்கி அதன் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும். அமெரிக்காவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏற்பளிக்கப்பட்ட ரெபியோட்டா, வவுஸ்ட் ஆகிய மருந்துகளும் 18 வயது நிரம்பியோரின் தொற்று மீள்வதைத் தடுப்பதற்கு மட்டுமே உரியவை.

முடிவுரை

ஒரு தொற்றில் கிடைத்த வெற்றியைக் குடல் அழற்சி நோய்க்கும் அப்படியே ஏற்றிக் கூறுவது பிழை. குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வுகள் நம்பிக்கை அளிப்பினும், பங்கேற்றோர் மிகச் சிலர்; செலுத்தும் வழியும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. ஆகவே, வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு நாடவேண்டிய மாற்றாக அல்லாமல், கொடையாளர் சோதனையும் நெடுநாள் கண்காணிப்பும் உள்ள ஆய்வுச் சூழலில் மட்டும் மேற்கொள்ளத்தக்க முயற்சியாகவே இதனைக் கொள்ளுதல் தகும்.